ஈயக்குட்டையில் ரிமோட் படகு: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டது. ஊரைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள். அவற்றுக்கு இடையில், ஈயம் தோண்டிய காலத்தில் உண்டான பெரிய குட்டைகள். அகலமான, அலை குறைந்த நீர். ரிமோட் படகு விட இதைவிடத் தோதான இடம் கிடைப்பது அரிது. ஆனால் படகோடு வரும் கையேடு பெரும்பாலும் குளிர்நாட்டுக் குளத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நம் குட்டை நீர் வெயில் நேரத்தில் 30 டிகிரியைத் தொடும். கரையோரம் பாசியும் தூண்டில் நரம்பும் கிடக்கும். அடியில் மாவு போன்ற சேறு. நம் பக்கம் படகு நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான். மின்னணுப் பாகம் தானாகக் கெட்டுப்போவது குறைவு. அதனால் ரிமோட்டின் கட்டளையைப் படகுக்குள் வாங்கும் ரிசீவரைப் புதிதாக வாங்கப் பணம் எடுத்து வைக்கும் முன், படகு என்ன செய்தது என்பதை நன்றாகக் கவனியுங்கள்.

நான்கு கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் பாதிக் கோளாறு பிடிபட்டது போல்தான். கிளம்பும்போதே வந்ததா, ஓடி எத்தனை நிமிடம் கழித்து வந்ததா? கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில்? எந்த வேகத்தில்? கொஞ்ச நேரம் சும்மா விட்டதும் தானாகச் சரியானதா? படகு கரைக்கு வந்ததும் மூடியைத் திறந்து பேட்டரியைக் கழற்றுங்கள். சூடு ஆறுவதற்குள் மோட்டார், ஈ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி), பேட்டரி, ஒவ்வொரு ஒயர் இணைப்பு என்று வரிசையாகத் தொட்டுப் பாருங்கள். மற்றவற்றைவிட எது அதிகம் சுடுகிறதோ அங்கிருந்து தேடத் தொடங்குங்கள். விரலை மூன்று விநாடி வைக்க முடியாவிட்டால் ஏறக்குறைய 60 டிகிரி இருக்கிறது என்று பொருள். மோட்டாருக்கு அது பொறுக்கக்கூடிய சூடு. லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிக்கு அதுவே எல்லை.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். புரொப்பெலரையும் பேட்டரியையும் ஒன்றாக மாற்றினால், சரியானது எதனால் என்று கடைசிவரை தெரியாது.

வீட்டில் அசையவே மாட்டேன் என்கிறது

கடையில் முழுதாகக் கிடைக்கும் ஆரம்பநிலைப் படகு என்றால், முதலில் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு சிறிய உலோகப் புள்ளிகள் தெரியும். அவை நீர் உணரும் முனைகள். இரண்டும் நனைந்தால்தான் மோட்டார் சுற்றும்; பிள்ளைகளின் விரல் புரொப்பெலரில் மாட்டாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. ஈர விரல்களால் இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டால் மோட்டார் சுற்றும், ஆகவே மறு கை புரொப்பெலர் பக்கம் இருக்கக்கூடாது. முன்பு ஓடிய படகு இப்போது தண்ணீரிலும் அசையவில்லை என்றால், அந்த முனைகளில் சேறு காய்ந்து படிந்திருக்கும். மெல்லிய உப்புத்தாளால் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தால் போதும்.

தனித்தனியாக வாங்கிப் பூட்டிய படகில், ஈ.எஸ்.சி. விடாமல் பீப் பீப் என்று கத்தினால், த்ரோட்டில் (ரிமோட்டின் வேகக் கட்டுப்பாடு) நடுநிலையில் இல்லை என்று அது சொல்கிறது. த்ரோட்டில் டிரிம்மை, அதாவது நடுநிலையை நுணுக்கமாகத் திருத்தும் பொத்தானை, பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். சரியாகவில்லை என்றால் கையேட்டில் உள்ளபடி த்ரோட்டில் எல்லைகளை மறுபடி பதியவையுங்கள். எப்போதும் ரிமோட்டை முதலில் போட்டு, பிறகு படகுப் பேட்டரியை இணைக்க வேண்டும். கழற்றும்போது பேட்டரி முதலில், ரிமோட் கடைசியில். இந்த வரிசை மாறினால் சில ரிசீவர்கள் மோட்டாரை முழு வேகத்தில் கிளப்பிவிடும்.

பீப் சத்தமே இல்லை, ரிசீவரில் விளக்கும் எரியவில்லை என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். மூன்று செல் லைப்போ நிரம்பியிருந்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். பேட்டரி சரியாக இருந்தால், ஈ.எஸ்.சி.யிலிருந்து ரிசீவருக்குப் போகும் மூன்று ஒயர் பிளக்கில் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே அளந்து பாருங்கள். சாதாரணமாக 5 அல்லது 6 வோல்ட் வரும். அங்கே வரவில்லை என்றால்தான் ஈ.எஸ்.சி. மேல் சந்தேகப்பட வேண்டும்.

கரையருகே ஓடுகிறது, தூரம் போனால் கட்டுப்பாடு போகிறது

இப்போதைய ரிமோட்கள் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் போகாது. ரிசீவர் ஆன்டெனாவின் நுனியில், மேலுறை இல்லாத கடைசி 31 மில்லிமீட்டர்தான் அலையைப் பிடிக்கும் பகுதி. அது படகுக்குள் அடியில் சுருண்டு கிடந்தால், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே புதைந்துவிட்டது போல்தான். ஒரு பிளாஸ்டிக் குழாயில் நுழைத்து மூடிக்கு மேலே நேராக நிறுத்துங்கள். குழாயின் மேல் முனையில் ரப்பர் மூடி போடுங்கள், இல்லையென்றால் மழைநீர் அந்த வழியாக இறங்கும். கார்பன் ஃபைபர் உடல் கொண்ட படகில் ஆன்டெனா கட்டாயம் வெளியே இருக்க வேண்டும்.

ரிமோட் பக்கமும் பாருங்கள். ஆன்டெனாவின் நுனியைப் படகை நோக்கி நீட்டினால் அலை மிகக் குறைவாகவே போகும். பக்கவாட்டில் மடித்து அல்லது நேராக நிறுத்திப் பிடியுங்கள். கரையில் உட்கார்ந்து விடுவதைவிட எழுந்து நின்று நெஞ்சு உயரத்தில் பிடித்தால் தூரம் கூடும்.

பழைய 27 அல்லது 40 மெகாஹெர்ட்ஸ் செட் கைமாறி வந்திருந்தால் கதை வேறு. ரிசீவர் ஒயரை வெட்டவே கூடாது, முழு நீளமும் தேவை. ரிமோட்டின் கம்பியை முழுவதும் இழுத்து நீட்ட வேண்டும். ஒரே எண் கிரிஸ்டல் (அலைவரிசையைத் தீர்மானிக்கும் சிறு பாகம்) உள்ள இரண்டு பேர் ஒரே குட்டையில் விட்டால் ஒன்று மற்றொன்றைக் குழப்பும். உள்ளே கரித்துண்டு உரசிச் சுற்றும் பிரஷ் மோட்டார் எழுப்பும் மின் இரைச்சலும் இந்தச் செட்களைத்தான் கடுமையாகத் தாக்கும். 104 என்று அச்சிட்ட 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கப்பாசிட்டர் மூன்று வாங்குங்கள். ஒன்றை மோட்டாரின் இரு முனைகளுக்கு இடையிலும், மற்ற இரண்டை ஒவ்வொரு முனையிலிருந்து மோட்டார் உறைக்கும் பற்றவையுங்கள். உறையில் ஈயம் ஒட்டாவிட்டால் அந்த இடத்தை அரத்தால் சுரண்டிவிட்டுப் பற்றவையுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியம் ஃபெயில்சேஃப். தொடர்பு அறுந்தால் படகு என்ன செய்ய வேண்டும் என்று ரிசீவரில் பதியவைப்பது அது. பதியாமல் விட்டால் சில ரிசீவர்கள் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொள்ளும். முழு வேகத்தில் போன படகு முழு வேகத்திலேயே போய் எதிர்க்கரையில் தூண்டில் போடுபவரின் காலில் மோதும். படகை ஸ்டாண்டில் வைத்து, புரொப்பெலரைக் கழற்றி, பாதி வேகம் கொடுத்துவிட்டு ரிமோட்டை அணையுங்கள். ஓரிரு விநாடியில் மோட்டார் நிற்க வேண்டும். நிற்காத படகைப் பொது நீரில் இறக்கவே கூடாது.

மூன்று நான்கு நிமிடம் நன்றாக ஓடி, பிறகு சோர்ந்துவிடுகிறது

நம் ஊரில் அதிகம் கேட்கும் புகார் இது. இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம், மூன்றும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே தெரியும்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 2200 மில்லிஆம்பியர்-மணி பேட்டரியும் சராசரி 30 ஆம்பியர் இழுக்கும் மோட்டாரும் என்றால், 2.2-ஐ 30-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினால் 4.4 நிமிடம். பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் வைக்க வேண்டும் என்பதால் உண்மையில் கிடைப்பது மூன்றரை நிமிடம்தான். அப்படியென்றால் படகில் கோளாறே இல்லை, பேட்டரி தீர்ந்துவிட்டது. ரிமோட்டில் டைமர் இருந்தால் மூன்று நிமிடத்துக்கு வையுங்கள். செல் மின்னழுத்தம் குறைந்தால் கத்தும் அலாரத்தைப் படகுக்குள் வைப்பதில் பயனில்லை, மூடிய உடலுக்குள் கத்துவது கரைக்குக் கேட்காது.

கணக்குப்படி வரவேண்டிய நேரத்துக்கு வெகு முன்பே சோர்ந்தால், நின்றவுடன் பேட்டரியை அளந்து பாருங்கள். செல் ஒன்றுக்கு 3.7 வோல்டுக்கு மேல் மிச்சம் இருக்கிறது, ஆனாலும் ஈ.எஸ்.சி. வேகத்தைக் குறைத்துவிட்டது என்றால் இரண்டில் ஒன்று. ஒன்று, பேட்டரி பழையதாகி, சுமை ஏறும்போது மட்டும் மின்னழுத்தம் படுத்துவிடுகிறது. உப்பியிருந்தாலோ, ஓடி முடிந்ததும் ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.1 வோல்டுக்கு மேல் குறைந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் ஈ.எஸ்.சி. தவறான பேட்டரி வகைக்கு அமைக்கப்பட்டிருக்கிறது. ஆறு செல் நிக்கல் பேட்டரி 7.2 வோல்ட். ஈ.எஸ்.சி. லைப்போ நிலையில் இருந்தால் அதை இரண்டு செல் லைப்போ என்று எண்ணி, சக்தி மிச்சம் இருக்கும்போதே கை விரித்துவிடும். தலைகீழாக, நிக்கல் நிலையில் லைப்போ போட்டால் ஆபத்து அதிகம். 3 வோல்டுக்குக் கீழே செல்லை உறிஞ்சிக் கொன்றுவிடும்.

மூன்றாவது சூடு. பத்து நிமிடம் விட்டால் மறுபடி ஓடுகிறது, பிறகு முன்பைவிடச் சீக்கிரம் நிற்கிறது என்றால் காரணம் சூடுதான். தண்ணீர் குளிர்விப்பு உள்ள படகில், ஓடும்போது பக்கவாட்டுத் துளையிலிருந்து நீர் பீய்ச்சுவது கரையிலிருந்தே தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் நீர் ஏறும் வாயில் சேறோ பாசியோ அடைத்திருக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் 20 மில்லி ஊசிக்குழாயில் சுத்தமான நீரை எடுத்து, வெளியேறும் துளைப் பக்கமிருந்து அழுத்துங்கள். அடைப்பு வந்த வழியே திரும்பி வரும். வாய்ப்பக்கமிருந்து அழுத்தினால் சேறு மோட்டாரின் குளிர் உறைக்குள் போய் இன்னும் இறுகிவிடும். சிலிகான் குழாய் வளைவில் மடிந்து நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். மூடியைப் போட்ட பிறகுதான் மடியும் குழாயும் உண்டு, அதனால் மூடிய நிலையிலும் ஊசிக்குழாயால் ஒருமுறை சோதியுங்கள். குழாய் முதலில் ஈ.எஸ்.சி.க்கும் பிறகு மோட்டாருக்கும் போகட்டும். புதிதாக ஏறும் நீர் அதிகம் தேவைப்படுவது ஈ.எஸ்.சி.க்குத்தான்.

குழாய் சுத்தமாக இருந்தும் சுடுகிறது என்றால் புரொப்பெலர் படகுக்குப் பெரிது. ஏறும் நீரே 30 டிகிரியில் இருக்கும்போது குளிர்நாட்டுப் பரிந்துரை இங்கே எடுபடாது. ஒரே வகைப் புரொப்பெலரில், ஒரே சுழற்சி வேகத்தில், தேவைப்படும் சக்தி விட்டத்தின் ஐந்தாம் மடிப்படி ஏறும். 40 மில்லிமீட்டரிலிருந்து 38-க்கு இறங்கினாலே சுமை கிட்டத்தட்டக் கால்பங்கு குறையும். வேகத்தில் அந்த அளவு இழப்பு இருக்காது. இங்கே படகு விடுபவர்கள் எல்லாரும் முதலில் செய்ய வேண்டிய மாற்றம் இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து.

சூடான பேட்டரியை உடனே சார்ஜ் போடாதீர்கள், கை வைத்தால் குளுமையாகத் தெரியும்வரை காத்திருங்கள். வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் இருக்கைப் பெட்டிக்குள் லைப்போவை விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள். அடுத்த வாரம்தான் விடப்போகிறீர்கள் என்றால் செல்லுக்கு 3.8 வோல்டில் வையுங்கள்.

மோட்டார் அலறுகிறது, படகு நகரவில்லை

மோட்டாருக்கும் தண்ணீருக்கும் இடையில் எங்கோ பிடி விட்டுப்போயிருக்கிறது. புரொப்பெலர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், நட்டு கழன்று குட்டையின் அடிக்குப் போயிருக்கலாம். இருந்தால் அதை விரலால் பிடித்துக்கொண்டு, பேட்டரி இல்லாத நிலையில், மோட்டார் தண்டை மறு கையால் திருப்புங்கள். தனியாகச் சுற்றினால், மோட்டார் தண்டையும் புரொப்பெலர் தண்டையும் இணைக்கும் கப்ளிங்கில் உள்ள சிறு திருகு தளர்ந்திருக்கிறது. அதை மறுபடி முறுக்குவது மட்டும் போதாது. தண்டில் திருகு உட்காரும் இடத்தை அரத்தால் லேசாகத் தட்டையாக்கி, நீல நிறத் திருகுப் பசை ஒரு துளி விட்டு இறுக்குங்கள். பசை காய ஒரு நாள் விடுங்கள்.

வளையும் கம்பி ஷாஃப்ட் (புரொப்பெலர் தண்டு) உள்ள வேகப் படகில் வேறொரு விஷயம் உண்டு. சுமை ஏறும்போது கம்பி முறுக்கிக்கொண்டு நீளம் குறையும். அதற்கு இடம் விட்டு, புரொப்பெலரைப் பிடிக்கும் டாக் பாகத்துக்கும் ஷாஃப்ட் தாங்கிக்கும் இடையே 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லாமல் பூட்டினால் டாக் தாங்கியை அரைத்துத் தின்னும், மோட்டார் சுடும், கடைசியில் கம்பி கப்ளிங்கிலிருந்து உருவிக்கொள்ளும்.

தூண்டில் நரம்பு நுழைவதும் அந்த இடைவெளியில்தான். வெளியே ஒன்றும் தெரியாது. டாக்கைக் கழற்றினால் உள்ளே நரம்பு உருகிப் பிசின் மாதிரி ஒட்டியிருக்கும். படகு திடீரென்று மெதுவானால் வேகத்தைக் கூட்டிப் பார்க்காதீர்கள். பாசியோ நரம்போ சுற்றிய மோட்டார் பல மடங்கு மின்சாரம் இழுக்கும், ஈ.எஸ்.சி. எரிவது அந்தச் சில விநாடிகளில்தான். பின்னோக்கி ஓடும் வசதி இருந்தால் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள், விடுபடாவிட்டால் மிக மெதுவாகக் கரைக்குக் கொண்டுவாருங்கள். வேலம்பாசி அடர்ந்த ஓரத்தில் படகை இறக்குவதைத் தவிர்த்து, மணல் கரையாகத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை பாதியாகும்.

கிரீஸ் பற்றி. வளையும் ஷாஃப்டை ஒவ்வொரு முறை விட்டு வந்ததும் உருவித் துடைத்து, நீர் தாங்கும் கிரீஸ் தடவி மாட்டுங்கள். பெரிய மோட்டாருக்கு மோட்டார் சைக்கிள் பட்டறையில் கிடைக்கும் பேரிங் கிரீஸ்கூட ஓரளவு சரிப்படும், சிறிய 380 அளவு மோட்டாரை அது இழுத்துப் பிடிக்கும். துடைத்த துணியையும் வழிந்த கிரீஸையும் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். இது சும்மா சொல்லும் உபதேசம் இல்லை. இந்த ஊர் அருகிலுள்ள சுத்திகரிப்பு ஆலைகள்தான் சிலாங்கூர் ஆற்று நீரை எடுத்து மாநிலத்தின் பெரும்பகுதிக்குக் கொடுக்கின்றன. 2014 வறட்சியில் இந்தப் பகுதிக் குட்டை நீரையே ஆற்றுக்குள் இறைத்தார்கள். 2020 செப்டம்பரில் ஆற்றில் கழிவு கலந்து ஆலைகள் நின்றபோது கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு வீடாகக் குழாய் வறண்டது. பெட்ரோல், நைட்ரோ என்ஜின் படகுகளை இந்தக் குட்டைகளில் விடக்கூடாது என்பதற்கு அதுவே போதுமான காரணம்.

மோட்டார் திக்கித் திக்கிச் சுற்றுகிறது

பிரஷ்லெஸ் மோட்டார் (கரித்துண்டு இல்லாத, மூன்று ஒயர் உள்ள வகை) கிளம்பும்போது முன்னும் பின்னும் உதறினால், மூன்று ஒயர்களில் ஒன்றில் தொடர்பு இல்லை. பொன்முலாம் பிளக்குகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். ஒட்டாத ஈயம் தொட்டதும் கையோடு வரும். மூன்றும் உறுதியாக இருந்தும் உதறினால் ஷாஃப்டை விரலால் சுற்றிப் பாருங்கள், சேறு புகுந்து இறுகியிருக்கலாம். மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் எந்த இரண்டு ஒயரையும் மாற்றிப் பூட்டினால் போதும். தண்ணீருக்கு வெளியே ஓரிரு விநாடிக்கு மேல் சுற்றவிடாதீர்கள்.

நேராகப் போக மாட்டேன் என்கிறது

டிரிம்மைத் திருப்பி மறைக்காமல், மூலத்தில் சரிசெய்யுங்கள். டிரிம் பூச்சியத்தில் இருக்க, சுக்கானைத் திருப்பும் சர்வோவைப் போட்டு, அதன் கையைக் கழற்றி, சுக்கான் நேராக நிற்கும்படி மாட்டுங்கள். சர்வோவின் பல் 25 என்றால் ஒரு பல் நகர்ந்தாலே 14 டிகிரிக்கு மேல் திரும்பும். அதற்கும் குறைந்த திருத்தத்தை இணைப்புக் கம்பியின் நீளத்தில் செய்ய வேண்டும்.

சுக்கான் நேராக இருந்தும் வேகத்தில் மட்டும் இழுத்தால் அது புரொப்பெலரின் குணம். பின்னாலிருந்து பார்க்கும்போது கடிகாரத் திசையில் சுற்றும் ஒற்றைப் புரொப்பெலர், படகின் மூக்கை இடப்பக்கம் தள்ளும், உடலையும் இடப்பக்கம் சாய்க்கும். பேட்டரியை 5 முதல் 10 மில்லிமீட்டர் வலப்பக்கம் நகர்த்துங்கள், அல்லது பின்பலகையில் உள்ள இரண்டு சமன் தட்டுகளில் இடது தட்டை மயிரிழை அளவு கீழே இறக்குங்கள்.

சுக்கான் தானாகத் துடித்தால் ரிசீவருக்குப் போகும் மின்சாரம் போதவில்லை அல்லது சர்வோவுக்குள் நீர் போய்விட்டது. மற்றொரு சர்வோவைச் செருகிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வேகத்தில் துள்ளுகிறது, கவிழ்கிறது

ஆழமான வி வடிவ அடி கொண்ட படகில் எடையின் மையம் பின்பலகையிலிருந்து நீளத்தின் 30 சதவீதம் அளவில் இருக்க வேண்டும். 600 மில்லிமீட்டர் படகுக்கு 180 மில்லிமீட்டர். பேட்டரி உட்பட எல்லாம் பூட்டிய நிலையில், இரு பக்கமும் ஒரு விரலால் தாங்கிப் பார்த்துக் குறி போடுங்கள். மூக்கு மேலும் கீழும் ஆடினால் மையம் பின்னால் போயிருக்கிறது, பேட்டரியை 10 மில்லிமீட்டர் முன்னே தள்ளுங்கள். மூக்கு தண்ணீரைக் குத்திக்கொண்டு போனால் பின்னே தள்ளுங்கள். பேட்டரியின் இடம் சரியான பிறகே ஷாஃப்ட் தாங்கியின் கோணத்தைத் தொட வேண்டும்.

கவிழ்ந்தால் தானே நிமிரும் வகைப் படகு நிமிரவில்லை என்றால், உள்ளே நீர் புகுந்திருக்கிறது அல்லது பேட்டரி அதற்குரிய இடத்தில் இல்லை. அந்தப் படகுகளில் ஒரு பக்க அறை வேண்டுமென்றே நீர் புகும்படி செய்யப்பட்டிருக்கும், அதன் துளைகளை ஓட்டை என்று எண்ணி அடைத்துவிடாதீர்கள்.

உள்ளே தண்ணீர் சேர்கிறது

நிற்கும்போதும் சேர்கிறதா, ஓடினால்தான் சேர்கிறதா? இதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். படகை நன்றாகக் காயவைத்து, உள்ளே முகப் பவுடரை மெல்லியதாகத் தூவி, முழு எடையோடு ஒரு தொட்டியில் பத்து நிமிடம் மிதக்க விடுங்கள். நீர் வந்த வழி பவுடரில் கோடாகத் தெரியும். கோடு சுக்கான் தண்டிலிருந்து வந்தால் அதன் ரப்பர் வளையத்தை மாற்றி கிரீஸ் வையுங்கள். ஷாஃப்ட் குழாயிலிருந்து வந்தால், குழாயின் உள் முனை நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். கீழே இருந்தால் கிரீஸ் ஒன்றுதான் அணை, அது ஒழுகும்போதெல்லாம் நீர் வரும்.

தொட்டியில் ஒரு சொட்டும் வரவில்லை, குட்டையில் மட்டும் நிறைகிறது என்றால் குளிர்விப்புக் குழாயில்தான் தேட வேண்டும். ஓடும் வேகத்தில் அழுத்தத்தோடு ஏறும் நீர், தளர்ந்த இணைப்பிலிருந்து படகுக்குள்ளேயே பீய்ச்சும். ஒவ்வொரு இணைப்பிலும் சிறிய கேபிள் டை கட்டுங்கள். அடுத்த சந்தேகம் மூடி. விளிம்பைத் துடைத்துக் காயவைத்த பிறகு ஒட்டுநாடா ஒட்டுங்கள், ஈரத்தில் ஒட்டிய நாடா முதல் திருப்பத்தில் உரிந்துவிடும்.

எந்தப் படகாக இருந்தாலும் உள்ளே மிதவை வேண்டும். நீச்சல்குளத்தில் பயன்படுத்தும் நுரைக் குழாய்கள் மலிவு. ஒரு லிட்டர் கன அளவு நுரை ஏறக்குறைய ஒரு கிலோ எடையைத் தாங்கும். ஒன்றரைக் கிலோ படகுக்கு ஒன்றரை லிட்டர் நுரையைப் பிரித்து, மூக்குப் பக்கமும் பின்பக்கமும் திணியுங்கள். மோட்டாரையும் ஈ.எஸ்.சி.யையும் நுரையால் மூடாதீர்கள்.

பாய்மரப் படகின் கோளாறுகள்

உள்நாட்டில் காலைக் காற்று மெல்லியது. நண்பகலை ஒட்டித்தான் பாய் நிறையும், அதற்குப் பிறகு வருவது பெரும்பாலும் இடிமழை. ஒரு மீட்டர் சர்வதேச வகைப் படகின் அடி 370 முதல் 420 மில்லிமீட்டர் ஆழம் இறங்கும், அதனால் அரை மீட்டருக்குக் குறைந்த ஓரத்தில் விடவே முடியாது. மேலிருந்து தெரியாத பாசி, அடியில் நீண்டு இறங்கும் கீலில் தொங்கினால், பாய் நிறைந்தும் படகு நகராது. பாயைக் குறை சொல்வதற்கு முன் படகைத் தூக்கி அடியைப் பாருங்கள்.

சுக்கானை நடுவில் விட்டால் படகு லேசாகக் காற்றை நோக்கித் திரும்புவது நல்லது. பலமாகத் திரும்பினால் பாய்மரத்தைக் கொஞ்சம் முன்னே சாயுங்கள், பின்கயிற்றைத் தளர்த்தி முன்கயிற்றை இறுக்கி. காற்றிலிருந்து விலகி ஓடினால் மரத்தைப் பின்னே சாயுங்கள். எதிர்க்காற்றில் மெதுவாகப் போனால் பாயை அளவுக்கு மீறி இழுத்திருக்கிறீர்கள். நேர் எதிர்க்காற்றில் மாட்டி நின்றுவிட்டால், பாயைத் தளர்த்திவிட்டுக் காத்திருங்கள். படகு பின்னோக்கி நகரத் தொடங்கியதும் சுக்கான் தலைகீழாக வேலை செய்யும் என்பதை நினைவில் வைத்து மூக்கைப் பக்கவாட்டில் திருப்பிய பிறகு பாயை இழுங்கள்.

பாய்க் கயிற்றை இழுக்கும் வின்ச் முனகிக்கொண்டே இருந்தால் அது எல்லையைத் தாண்டி இழுக்கப் பார்க்கிறது. ரிமோட்டில் அதன் பயண எல்லையைக் குறையுங்கள், இல்லையென்றால் நடுக்குட்டையில் பேட்டரி தீரும்.

நடுக்குட்டையில் நின்றுவிட்டது

நீந்திப் போய் எடுக்கக்கூடாது. படகின் விலை எவ்வளவாக இருந்தாலும் சரி, முட்டளவு நீர்தானே என்று இறங்கவும் கூடாது. ஈயக்குட்டையின் கரை இரண்டடி தள்ளிச் செங்குத்தாக இறங்கும், அடிச்சேறு காலைப் பிடித்தால் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களாலும் எழ முடியாது. இந்த நாட்டில் ஈயக்குட்டைகள் எத்தனையோ பிள்ளைகளைக் கொண்டுபோயிருக்கின்றன. பிள்ளைகளை அழைத்துவந்தால் இதைப் படகை இறக்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து அந்தக் கரையில் காத்திருங்கள். நேரம் பிடித்தாலும் பெரும்பாலும் காற்றே படகைக் கரை சேர்க்கும். அவசரம் என்றால் தூண்டில் கோல், 10 கிலோ தாங்கும் நரம்பு, நுனியில் ஒரு டென்னிஸ் பந்து. பந்தைப் படகுக்கு அப்பால் எறிந்து, நரம்பு படகின் மேல் விழும்படி மெதுவாக இழுங்கள். மற்றொரு படகு இருந்தால் அதன் பின்னால் மிதக்கும் கயிற்றை அரைவட்டமாக இழுத்து, நின்ற படகைச் சுற்றி வளைத்துக் கொண்டுவரலாம். கயிறு மிதக்கும் வகையாக இருக்க வேண்டும், மூழ்கினால் உதவப்போன படகின் புரொப்பெலரிலேயே சுற்றும்.

இடி கேட்டால் அதோடு நிறுத்திவிடுங்கள். திறந்த கரையில் கார்பன் பாய்மரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் நேரமில்லை அது. குட்டை நீரில் எலிச் சிறுநீர்க் கிருமி இருக்கக்கூடும், கையில் காயம் இருந்தால் மூடிக்கொள்ளுங்கள், வீட்டுக்குப் போனதும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தூண்டில் போடுபவர்கள் விடியற்காலையிலேயே வந்து இடம் பிடித்திருப்பார்கள். அண்ணே என்று கூப்பிட்டு, நரம்பு எதுவரை கிடக்கிறது என்று கேட்டுக்கொண்டு, அதற்கு வெகுதூரம் தள்ளி விடுங்கள். சில குட்டைகள் மீன் வளர்ப்புக்குக் குத்தகைக்கு விடப்பட்டவை, அங்கே அனுமதி கேட்காமல் இறக்கக்கூடாது.

மூழ்கிய படகு கைக்கு வந்தது

முதல் வேலை பேட்டரி. உடனே கழற்றி, வீட்டிலிருந்து தள்ளி, சிமெண்டுத் தரையில் நிழலில் ஒரு நாள் முழுக்க வையுங்கள். உப்பினாலோ, சுட்டாலோ, இனிப்பான வாசனை வந்தாலோ மறுபடி சார்ஜ் போடாதீர்கள். பார்வைக்குச் சரியாக இருந்தாலும் ஒவ்வொரு செல்லையும் அளந்த பிறகே, பக்கத்தில் இருந்தபடி, குறைந்த ஆம்பியரில் சார்ஜ் செய்யுங்கள்.

அடுத்து, சேற்றைக் குழாய் நீரால் கழுவுங்கள். நனைந்ததை மறுபடி நனைப்பதா என்று தயங்க வேண்டாம், காய்ந்த சேறு உள்ளே இருப்பதுதான் கேடு. பிறகு ரிசீவர், ஈ.எஸ்.சி., சர்வோ ஆகியவற்றின் உறையைத் திறந்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பிரஷ்ஷால் தடவி நீரை விரட்டுங்கள். மேசை விசிறி முன்னால் இரண்டு நாள். அரிசியில் புதைப்பதால் மாவுதான் உள்ளே போகும், வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் உடல் கோணும். பிரஷ் மோட்டாரைக் காய்ந்த பிறகு ஒன்றரை வோல்ட் பேட்டரியில் சில நிமிடம் மெதுவாகச் சுற்றவிட்டு, இரு முனைப் புஷ்களிலும் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். பிரஷ்லெஸ் மோட்டாரில் பேரிங்குகளுக்கு அதே எண்ணெய் ஒவ்வொரு துளி. விரலால் சுற்றும்போது மணல் அரைபடும் சத்தம் கேட்டால் பேரிங்கை மாற்றுங்கள்.

எல்லாம் பூட்டிய பிறகு, புரொப்பெலர் இல்லாமல் ஸ்டாண்டில் வைத்து, ஃபெயில்சேஃப் சோதனையை மறுபடி செய்யுங்கள். நனைந்த ரிசீவர் அதில் தேறினால்தான் படகைக் குட்டைக்குக் கொண்டுபோகலாம், தேறாவிட்டால் ரிசீவரை மாற்றிவிடுங்கள்.